எலிஹியோவை எப்போது மேலே அனுப்புவது

கொன்சுவெலோ, சான் பெத்ரோ தெ மக்கோரிஸ்
9 ஜூலை 1978

மரியாதைக்குரிய தோன் ஹார்லன்,

நான் எலிஹியோ பெகெரோவின் அம்மா எடுவிகிஸ். சர்க்கரை ஆலை மருத்துவமனையில் நர்ஸ். இரண்டரை வருஷத்துக்கு முன்பு ஒரு ஜனவரி மாதம் நீங்கள் என் சமையலறையில் உட்கார்ந்து மீன் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். இந்தத் தீவில் எத்தனையோ சமையலறைகளில் உட்கார்ந்திருப்பீர்கள். என்னுடையது நினைவிருக்கிறதோ இல்லையோ.

அன்றைக்கு நான் உங்கள் பேஸ்பால் கிளப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினேன். அப்போது நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருபத்தொரு வயசு ஆகாம உங்க பையனை மேஜர் லீக் பக்கமே கொண்டுபோக மாட்டேன். அவசரப்பட்டு மேலே ஏத்திவிட்டு உடைஞ்சுபோன பசங்களை நிறையப் பார்த்துட்டேன்." அதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அவனுக்கு இப்போது இருபது வயது. வரும் செப்டம்பர் முதல் தேதி, மேஜர் லீக்கில் ஆடுகிற பெரிய அணியில் தன்னைச் சேர்க்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறான். அன்றைக்கு எல்லா அணிகளும் கீழே இருந்து ஆட்களை மேலே எடுத்துக்கொள்ளலாமாமே. என் தம்பி இதை முடிவெட்டும் கடையில் சொல்லிவிட்டான். இப்போது ஊசி போட வருகிறவர்கள்கூடக் கையை நீட்டிக்கொண்டே அதைத்தான் கேட்கிறார்கள்.

அதே கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தான். ஜூன் 18ஆம் தேதி இரண்டாவது பேஸுக்குச் சறுக்கிப் போனபோது, எதிரணிக்காரன் எறிந்த பந்து அவன் வலது காதுக்கு மேலே பட்டதாம். தொப்பி அதற்கு முன்பே கழன்று விழுந்துவிட்டதாம். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தானாம். "சின்ன அடிதான் அம்மா" என்கிறான். இருபத்திரண்டு வருஷமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். சின்ன அடி என்று அவர்கள் சொல்லும்போதுதான் நான் விளக்கைக் கிட்டே கொண்டுபோவேன்.

எனக்கு இரண்டு கேள்விகள். செப்டம்பர் விஷயம் உண்மையா? எந்த டாக்டர் அவன் தலையைப் பார்த்தார்?

இப்படிக்கு,
எடுவிகிஸ் பெகெரோ


கிளப் அலுவலகம்
20 ஜூலை 1978

அன்புள்ள தோனியா எடுவிகிஸ்,

முதல்ல மன்னிப்பு. என் ஸ்பானிஷ் உங்க ஊர்ல ஆறு குளிர்காலம் பந்து பிடிச்சப்போ சக ஆட்டக்காரங்ககிட்ட கத்துக்கிட்டது. எழுத்து நடை வராது. பேசற மாதிரியே எழுதறேன். கெட்ட வார்த்தை எங்கயாவது வந்திருந்தா, அது கெட்ட வார்த்தைன்னு எனக்குத் தெரியாம வந்ததா வச்சுக்குங்க.

உங்க சமையலறை நினைவிருக்கு. ஜன்னல்ல நீலப் பெயின்ட். மீன் சோறு ரெண்டு தடவை இல்ல, மூணு.

செப்டம்பர் பத்திக் கேட்டீங்க. முடிவாகல, ஆனா பேச்சு நடக்குது. பெரிய அணியோட ஷார்ட்ஸ்டாப் கணுக்காலை உடைச்சுக்கிட்டார். ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கணும், நிக்க ஆள் இல்ல. எங்க கீழ் அணிகள் நாலுலயும் சேர்த்து, அந்த இடத்துல நிக்கத் தகுதியுள்ளவன் உங்க பையன் ஒருத்தன்தான். பத்து தடவை பேட் பிடிச்சா மூணு தடவைக்கு மேல அடிக்கறான். இருபது வயசுல நான் அதுல பாதிகூட அடிச்சதில்ல.

நான் சொன்ன வார்த்தை எனக்கு மறக்கல. ஆனா ஒண்ணைப் புரிஞ்சுக்குங்க. யாரை எப்ப மேலே அனுப்பறதுன்னு எழுதிக் கொடுக்கறதுதான் என் வேலை. சீக்கிரம் அனுப்பினா பையன் பயந்து சுருங்கிடுவான். ரொம்ப நாள் கீழயே வச்சா உள்ளுக்குள்ளயே காய்ஞ்சுபோவான். ரெண்டையும் நான் செஞ்சிருக்கேன். சரியான நாள்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது கடந்துபோன பிறகுதான் தெரியும்.

அடி பத்தி: அன்னிக்கே, அவன் ஆடற டென்னசியிலயே எக்ஸ்-ரே எடுத்தாங்க. எலும்புல கீறல் இல்ல. நீங்க கவலைப்படாதீங்க.

உங்கள்,
ஹார்லன் மெட்காஃப்


கொன்சுவெலோ
30 ஜூலை 1978

தோன் ஹார்லன்,

எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். எலும்புக்குள்ளே இருப்பதைக் காட்டாது. உங்கள் டாக்டருக்கு இது தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நேற்று எலிஹியோவின் கடிதங்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினேன். அவன் ஆறாம் வகுப்பிலிருந்தே அழகாக எழுதுவான். பக்கத்தின் இடது ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு, எல்லா வரியையும் ஒரே நேராகத் தொடங்குவான். மே மாதக் கடிதம் அப்படித்தான் இருக்கிறது. ஜூன் கடைசியில் எழுதியதில் வரிகள் கொஞ்சம் தள்ளித் தொடங்குகின்றன. ஜூலை பத்தாம் தேதிக் கடிதத்தில் முதல் வரி சரியாக இருக்கிறது. அடுத்த வரி ஒரு விரல் வலப்பக்கம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. பக்கத்தின் அடிக்கு வரும்போது பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது. எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

ஜூன் கடிதம் வந்தபோதே, ஏன் இப்படி எழுதுகிறாய் என்று அவனிடம் கேட்டு எழுதினேன். எப்படி என்று ஜூலைக் கடிதத்தில் திருப்பிக் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு மெர்சியஸ் என்று ஒரு கரும்பு வெட்டுகிறவரைக் கொண்டுவந்தார்கள். வண்டியின் நுகத்தடி தலையில் இடித்திருந்தது. அடிபட்ட அன்றைக்கு எழுந்து நடந்து வேலைக்குப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துத் தலைவலி என்று வந்தார். நான் சோறு வைத்தேன். தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க, பசி அடங்கல" என்றார். இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன். அட, இருக்கே என்று அதையும் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவரை எழுப்ப முடியவில்லை.

தலைநகரிலிருந்து வந்த டாக்டர் பிறகு சொன்னார்: மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்திருக்கும். வலப்பக்கம் சேர்ந்தால் இடப்பக்கத்து உலகம் மங்கிப்போகும். நோயாளிக்கே தெரியாது.

என் மகனைப் பெரிய அணிக்கு அனுப்பாதீர்கள். டென்னசியிலும் ஆடவிடாதீர்கள். நல்ல மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

எடுவிகிஸ்


கிளப் அலுவலகம்
10 ஆகஸ்ட் 1978

அன்புள்ள தோனியா,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். அது உங்களுக்குத் தெரியணும், ஏன்னா இனிமே நான் எழுதப்போறது உங்களுக்குப் பிடிக்காது.

உடனே டென்னசிக்கு ஃபோன் போட்டேன். அங்க மேனேஜர் லைல், முப்பது வருஷமா பசங்களைப் பார்க்கற ஆள். "எலிஹியோவுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கான்"னார். இடப்பக்கம் போற ரெண்டு மூணு பந்தை விட்டுட்டானாம், கொஞ்சம் சோம்பல் வந்திருக்கு, தட்டிக் கொடுத்தா சரியாயிடும்கறார். பேட் பிடிக்கறப்போ முகத்தை முழுசா, பந்து எறியற பிட்சர் பக்கம் திருப்பி நிக்கறானாம். அவனே கண்டுபிடிச்ச புது நிலையாம், மத்த பசங்களுக்கும் அதைச் சொல்லித் தரலாமான்னு யோசிக்கறாராம்.

இருந்தாலும் உங்க பேச்சைத் தட்டல. கண் டாக்டர்கிட்ட அனுப்பச் சொன்னேன். சுவத்துல எழுத்து அட்டை மாட்டி வாசிக்கச் சொன்னாங்க. கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் வாசிச்சுட்டான். உங்க பையனுக்குக் கழுகுக் கண்ணுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்.

அப்புறம் எலிஹியோவே எனக்கு ஃபோன் பண்ணான். அழற குரல். "எங்கம்மாவுக்கு எல்லாரும் நோயாளிதான் தோன். நான் தும்மினாலே காசநோய்ம்பாங்க. அவங்க பேச்சைக் கேட்டு என்னை நிறுத்திடாதீங்க"ன்னான். ஃபோனை வச்சுட்டேன்.

தோனியா, இங்க விஷயம் எப்படின்னு சொல்லிடறேன். ஒரு பையன் பேருக்கு நேரா 'தலையில் அடி'ன்னு நான் எழுதினா அதை யாரும் அழிக்க மாட்டாங்க. அவனை வேற அணிக்கு மாத்தறப்போ அங்கயும் அதை வாசிப்பாங்க. அடிக்கத் தவறின ஒவ்வொரு பந்துக்கும் அதுதான் காரணம்பாங்க. நீங்க சொல்றது சரியில்லேன்னு வச்சுக்குங்க, அப்ப நான் நல்லா இருக்கற பையனோட வாழ்க்கையை என் கையாலயே முடிச்சவன் ஆவேன்.

மேலே இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க. செப்டம்பர் ஒண்ணு, வெள்ளிக்கிழமை, அவன் ஆடறான். இருபத்தேழாம் தேதி விமானத்துல வர்றான். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.

எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒவ்வொரு பையனை அனுப்பறப்பவும் பயம். எந்தப் பயத்தை நம்பறதுன்னு தெரியல.

ஹார்லன்


கொன்சுவெலோ
19 ஆகஸ்ட் 1978

தோன் ஹார்லன்,

இந்தக் கடிதத்தை விமானத்தில் போகிற ஒரு ஆட்டக்காரரின் மனைவி கையில் கொடுத்தனுப்புகிறேன். மியாமியில் தபாலில் போடுவதாகச் சொன்னாள். இருபத்தேழுக்குள் கிடைத்தால் நல்லது. முதல் தேதிக்குள் கிடைத்தாக வேண்டும்.

முதலில் ஒரு உண்மை. ஜூன் 22ஆம் தேதியே எலிஹியோ எனக்கு எழுதினான்: "தலை வலிக்குது அம்மா, டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?" என்று. நான் எழுதிய பதில்: "பெஞ்சில் உட்காராதே. நீ உட்கார்ந்தால் அந்த இடத்தில் நிற்கப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஆடு." நர்ஸாக இருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கு அம்மாவாக எழுதினேன். இன்றைக்கு வரை யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அவன் உங்களிடம் மறைப்பது நான் சொல்லிக்கொடுத்ததால்.

எழுத்து அட்டையால் இது தெரியாது. அட்டையை அவன் நேராகப் பார்த்து வாசிக்கிறான். நேராக இருப்பது அவனுக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை. லைல் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். இடப்பக்கம் போகிற பந்தை விடுகிறான். முகத்தை முழுவதும் பந்து வருகிற இடப்பக்கம் திருப்பினால்தான் பேட் பிடிக்க முடிகிறது. சோம்பலும் இல்லை, புது நிலையும் இல்லை. என்னுடைய சந்தேகம் போய்விட்டது. நீங்கள் தேறுதல் சொல்ல எழுதிய வரிகளைப் படித்துத்தான் போனது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். டாக்டர் வேண்டாம், கருவி வேண்டாம். அவனுக்கு எதிரே முழங்கால் இடிக்கிற மாதிரி உட்காருங்கள். என் மூக்கையே பார் என்று சொல்லுங்கள். உங்கள் இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் விரித்து, இரண்டு கை விரலையும் ஒரே நேரத்தில் ஆட்டுங்கள். எந்தக் கை ஆடியது என்று கேளுங்கள். இரண்டும் என்று சொன்னால் நான் பைத்தியக்காரி. அவனை ஆடவிடுங்கள், இனி நான் எழுத மாட்டேன்.

அமெரிக்கத் தூதரகத்தில் விசாவுக்காக நான்கு நாள் வரிசையில் நின்றேன். அக்டோபரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் என் கண்ணும் கையும் அங்கே நீங்கள்தான். வேறு யாரும் எனக்கு இல்லை.

எடுவிகிஸ்


மருத்துவமனை
30 ஆகஸ்ட் 1978

தோனியா எடுவிகிஸ்,

உங்க கடிதம் நேத்து செவ்வாய்க்கிழமை காலையில என் மேசைக்கு வந்துச்சு. எலிஹியோ ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டான். அரங்கத்துக்குப் பக்கத்து ஹோட்டல்ல தங்க வச்சிருந்தோம். அவன் பேர் எழுதின சட்டைகூடத் தைச்சாச்சு.

சோதனை பண்ண எனக்குத் தைரியம் வரல. அதனால முதல்ல சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன். ஹோட்டல் கீழேயே கடை. ரெண்டு முட்டை, பொரிச்ச உருளைக்கிழங்கு, ரெண்டு பேருக்கும். நல்லாத்தான் பேசிட்டிருந்தான், சிரிச்சான். முட்டையைச் சாப்பிட்டு முடிச்சுட்டுப் பரிமாறற அம்மாவைக் கூப்பிட்டு, உருளைக்கிழங்கு கொண்டு வரலையேன்னு கேட்டான். அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. அவன் தட்டுல இடது பக்கம் பூரா உருளைக்கிழங்கு.

நான் தட்டைத் திருப்பினேன்.

உருளைக்கிழங்கை விரலால தொட்டுப் பார்த்தான். அப்புறம், "அம்மா எழுதினாங்களா?"ன்னு கேட்டான்.

"எழுதினாங்க. என் மூக்கைப் பாருடா"ன்னேன்.

மூணு தடவை ரெண்டு கையையும் ஆட்டினேன். மூணு தடவையும் அவனுக்கு வலப்பக்கத்துல இருந்த கையை மட்டும் காட்டினான். மூணாவது தடவை காட்டறப்போ அவனுக்கே தெரிஞ்சுபோச்சு. என் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டான்னு நினைக்கறேன்.

எவ்வளவு நாளா இப்படின்னு கேட்டேன். "தெரியல தோன். கொஞ்ச நாளா ஆளுங்க திடீர் திடீர்னு பக்கத்துல வந்து நிக்கறாங்க. கதவுல இடிச்சுக்கறேன். முகத்தைத் திருப்பி நின்னா பந்து கிடைச்சுது. ஏன்னு யோசிக்கல. யோசிக்கப் பயமா இருந்துச்சு"ன்னான்.

அப்புறம் என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டான். "வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டம் மட்டும் தோன். ஒரே ஒரு ஆட்டம். மேஜர் லீக்ல ஆடினவன்னு என் பேர் ஏறிடும். சனிக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். அதுக்கப்புறம் தலையை என்ன வேணா பண்ணிக்குங்க."

நீங்க உங்க உண்மையைச் சொன்னீங்க, நானும் சொல்லணும். ஒரு நிமிஷம் நான் யோசிச்சேன். பேட் பிடிக்க விடாம, வேற ஒருத்தனுக்குப் பதிலா ஓட மட்டும் விடலாமே, பேரும் ஏறும், அடியும் படாதுன்னு கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை எதிரணி பிட்சர் யாருன்னு எனக்குத் தெரியும். வலது கைக்காரன், பக்கவாட்டுல கையை வீசி எறியறவன். அவன் பந்து எலிஹியோவுக்கு இடப்பக்கத்துலேர்ந்துதான் வரும், மணிக்குத் தொண்ணூத்தஞ்சு மைல் வேகத்துல. இது தெரிஞ்சும் அந்த ஒரு நிமிஷம் யோசிச்சேன். பதினோரு வருஷம் நான் பேட் பிடிக்கறவனுக்குப் பின்னால உட்கார்ந்து பந்து பிடிச்சவன். தலையில பந்து படற சத்தத்தை ரெண்டு தடவை கிட்டத்துலேர்ந்து கேட்டிருக்கேன். அந்தச் சத்தம் ஞாபகம் வந்தப்புறம்தான் எந்திரிச்சேன்.

மேலே போய்ச் சொன்னேன். டாக்டர் கழுகுக் கண்ணுன்னு எழுதிக் கொடுத்திருக்காரே, நீ சர்க்கரை ஆலையில வேலை பார்க்கற ஒரு பொம்பளை பேச்சையா கேக்கறேன்னு கத்தினாங்க. ஆமான்னேன்.

சாயங்காலமே இங்க கூட்டிட்டு வந்துட்டேன். தலையைத் துண்டு துண்டாப் படம் எடுக்கற பெரிய மெஷின் இருக்கு. படத்துல வலப்பக்கம் பிறை மாதிரி ஒரு திட்டு. பழைய ரத்தமாம். மூளையை ஒரு பக்கமாத் தள்ளிட்டிருக்காம். இன்னொரு அடி பட்டிருந்தா, ஏன், தலை குப்புறச் சறுக்கி விழுந்திருந்தாலே, மைதானத்துலயே முடிஞ்சிருக்கும்னார் டாக்டர். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டார். இவங்கம்மா கண்டுபிடிச்சாங்க, கொன்சுவெலோவிலேர்ந்துன்னேன். அந்த ஊர் எங்க இருக்குன்னு கேட்டார்.

இன்னிக்குக் காலையில பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனாங்க. மொட்டை அடிச்சிருந்தாங்க. ஸ்ட்ரெச்சர்ல போறப்போ, "அம்மாகிட்ட நான் அழுதேன்னு எழுதாதீங்க"ன்னான். எழுதிட்டேன், மன்னிக்கச் சொல்லுங்க.

இப்ப மணி பன்னெண்டரை. ஒரு மணி நேர வேலைன்னு சொல்லியிருந்தாங்க. யாரும் வெளியே வரல. ரெண்டு தடவை போய்க் கேட்டேன், உட்காருங்கங்கறாங்க. சும்மா உட்கார முடியல, அதனால எழுதறேன். முடிஞ்ச உடனே உங்களுக்குத் தந்தி அடிப்பேன். இந்தக் கடிதம் வர்றதுக்குள்ள உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். எனக்கு இன்னும் தெரியாது.

ஹார்லன்


கொன்சுவெலோ
11 செப்டம்பர் 1978

தோன் ஹார்லன்,

உங்கள் தந்தி மருத்துவமனைக்கே வந்தது. ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தந்திக்காரர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டை முடித்துவிட்டுத்தான் தந்தியைப் பிரித்தேன். முடிக்காமல் பிரிக்கப் பயமாக இருந்தது. "உயிரோடு இருக்கிறான் கண் விழித்தான் உங்களைக் கேட்டான்." பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று உங்கள் நீண்ட கடிதம் வந்தது.

நன்றி என்று எழுத உட்கார்ந்தேன். கை போகவில்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதியே நீங்கள் அவனை நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் அவன் அந்தத் தலையோடு ஆடினான், ஓடினான், சறுக்கினான். ஒவ்வொரு நாளையும் நான் எண்ணிவிட்டேன். எண்ணும்போது என்னுடைய ஜூன் மாதக் கடிதத்தையும் சேர்த்துத்தான் எண்ணினேன். உங்களுடைய நாட்களைவிட என்னுடையவை அதிகம்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதினீர்கள். அதனால் உங்களை நம்புகிறேன். அவனோடு இருங்கள். சாப்பாடு கொடுக்கும்போது தட்டைக் கவனியுங்கள்.

எடுவிகிஸ்


விச்சிட்டா, கான்சஸ்
28 ஜனவரி 1980

அன்புள்ள தோனியா எடுவிகிஸ்,

ரொம்ப நாள் ஆச்சு. கிறிஸ்துமஸுக்கு நீங்க அனுப்பின இனிப்பு தேங்காய் மணத்தோட வந்து சேர்ந்துச்சு. அந்த கிளப்ல என்னை அடுத்த வருஷமே வேண்டாம்னுட்டாங்கன்னு எலிஹியோ சொல்லியிருப்பான். இப்ப வேற ஒரு அணிக்காகப் பள்ளிக்கூட மைதானமா சுத்தி, பசங்களைப் பார்த்துட்டு வர்றேன். என் மனைவிக்குக் கோபமில்ல. வீட்டுல தொல்லை குறைஞ்சதுங்கறா.

இப்ப எழுதற காரணம் இது. என் பழைய நாற்காலியில இப்ப இருக்கற ஆள் போன வாரம் ஃபோன் பண்ணார். எலிஹியோவுக்கு டாக்டருங்க ரெண்டு பேர் சரின்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம். பிப்ரவரி கடைசியில ஃபுளோரிடா பயிற்சி முகாமுக்குக் கூப்பிடப்போறாங்களாம். நல்லா ஆடினா, ஏப்ரல்லயே நேரா பெரிய அணி. கீழ் லீக்ல ஆட வேண்டியதே இல்ல. "நீங்க என்ன நினைக்கறீங்க, அவன் தயாரா?"ன்னு கேட்டார்.

இருபது வருஷமா இதே கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சாப்பிட்டேன். அன்னிக்கு மட்டும் எலிஹியோ அம்மாவைக் கேளுங்கன்னேன். அவர் சிரிச்சார், நான் ஜோக் அடிக்கறதா நினைச்சுக்கிட்டார்.

நான் ஜோக் அடிக்கல. போக வேண்டாம்னு நீங்க சொன்னா அவன் போக மாட்டான். அது எனக்குத் தெரியும், அவனே எழுதினான். உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. காயிதத்துல இருக்கற நம்பரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, நான் பண்ண மாதிரி. அவன் பேட் பிடிக்கறதை நேர்ல போய்ப் பாருங்க.

ஹார்லன்


கொன்சுவெலோ
17 பிப்ரவரி 1980

அன்புள்ள தோன் ஹார்லன்,

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் என் மகன் பேட் பிடித்து நான் பார்த்ததில்லை. எப்போதும் மருத்துவமனையில் வேலை. அடிபட்ட பிறகு, பார்க்க மனது வரவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் சாயங்காலம் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் நான் முற்றத்தில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். திரும்பி வந்து அவன் கதவைத் திறக்கும் சத்தம் வரும்வரை அந்த வேலை முடியாது.

உங்கள் கடிதம் வந்த பிறகு போன ஞாயிற்றுக்கிழமை ஆலை மைதானத்துக்குப் போனேன். வலைக் கம்பிக்குப் பின்னால் நின்றேன். பெண்பிள்ளை நான் ஒருத்திதான். இங்கே நின்றால் பந்து படும் என்று ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

எறிந்தவன் ஃபாபியோ என்று பக்கத்து ஊர்க்காரன். வலது கை, பக்கவாட்டில் வீசுகிறான், நீங்கள் எழுதியிருந்தீர்களே அந்த மாதிரி. நாலைந்து பந்தை எலிஹியோ நன்றாக அடித்தான். எனக்கு ஆட்டம் தெரியாது, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். பிறகு மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபாபியோவிடம் போய் ஏதோ சொன்னான். ஃபாபியோ முடியாது என்று தலையாட்டினான். எலிஹியோ திரும்பத் திரும்பச் சொன்னான். என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஃபாபியோ எறிந்தான். பந்து நேராக அவன் தலைக்கு. இடப்பக்கத்திலிருந்து.

நான் கண்ணை மூடவில்லை, தோன் ஹார்லன். அவன் பார்த்தான். பந்து கையைவிட்டுக் கிளம்பின உடனேயே பார்த்துவிட்டான். முழங்காலை மடக்கி, தலையைப் பின்னால் இழுத்து, மண்ணில் உட்கார்ந்தான். அவன் முகம் இருந்த இடத்தைத் தாண்டிப் பந்து வந்து எனக்கு முன்னால் கம்பியில் இடித்தது. அவன் எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கம்பியை விட்டபோது உள்ளங்கை இரண்டிலும் ரத்தம் கட்டியிருந்தது. எனக்கு நானே களிம்பு தடவிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, போகட்டுமா?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும் கேட்டான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன். வியாழக்கிழமை அவன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு அதிகம் பயமாக இருந்தது. உள்ளுக்குள்ளேயே காய்ந்துபோவதைப் பற்றி நீங்கள் எப்போதோ எழுதியது அப்போதுதான் புரிந்தது.

நேற்று அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். இன்று காலை இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "உனக்குப் பயம் போயிடுச்சா அம்மா?" என்று கேட்டான்.

"இல்ல. நீ போ" என்றேன்.

எடுவிகிஸ்